வில்லியம் ஃபாக்னரும் ஏற்புரைத் தாளும்

பரிசு பெற்ற கவிஞர் ஏற்புரை வழங்க எழுகிறார். ஒலிவாங்கியின் முன் நின்று, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரிக்கிறார். அவையில் மெல்லிய சலிப்பு ஒன்று பரவுவதை இலக்கியக் கூட்டங்களுக்குச் செல்லும் நாம் அனைவரும் அறிவோம். குறிப்பின்றிப் பொழிவதே புலமை, எழுதி வந்து வாசிப்பது இயலாமை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. மேடைத்தமிழ் பெற்ற பெருவளர்ச்சியின் உடன் விளைவு இது எனலாம். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பார்க்க அமெரிக்கப் புதின ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் உதவுகிறது. நோபல் பரிசு ஏற்புரைகளுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இன்றளவும் போற்றப்படும் உரையை, அவையோர் பலருக்குப் புரியாதபடி, தாளைப் பார்த்து விரைந்து வாசித்துவிட்டு அமர்ந்தவர் அவர். அவர் பெயர் வில்லியம் ஃபாக்னர்.

பிறப்பும் சூழலும்

ஃபாக்னர் 1897-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தில் நியூ ஆல்பனி என்னும் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தோர் நால்வருள் இவரே மூத்தவர். இவருக்கு ஐந்து வயது நிறைவதற்குள் குடும்பம் ஆக்ஸ்ஃபர்டு நகரில் குடியேறியது. இங்கிலாந்திலுள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழக நகரினின்று வேறானது இவ்வூர். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தை அடுத்து அமைந்த சிறு நகரம். வாழ்நாளின் பெரும்பகுதியை ஃபாக்னர் இங்கேயே கழித்தார்.

இவருடைய கொள்ளுத்தாத்தா வில்லியம் கிளார்க் ஃபாக்னர் உள்நாட்டுப் போரில் கர்னலாகப் பணியாற்றியவர், இருப்புப்பாதை அமைத்தவர், புதினமும் எழுதியவர். 1889-இல் பழைய தொழிற்கூட்டாளி ஒருவரால் நடுத்தெருவில் சுடப்பட்டு மாண்டார். அவரைப் பற்றிய கதைகளைக் கேட்டே சிறுவன் வளர்ந்தான். மற்றொரு புறம், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கரோலின் பார் என்னும் கறுப்பின மூதாட்டி அவ்வீட்டுக் குழந்தைகளை வளர்த்தார். போரில் தோற்ற வெள்ளையரின் பெருமிதம், அப்பெருமிதத்தின் அடியில் நசுங்கிய மக்களின் துயரம் என்னும் இவ்விரண்டுமே பிற்காலத்தில் அவருடைய புதினங்களின் உயிர்ப்பொருளாயின.

பள்ளிப் படிப்பை ஃபாக்னர் முடிக்கவில்லை. 1918-இல் கனடா நாட்டில் பிரித்தானிய வான்படையில் பயிற்சி பெற்றார். பயிற்சி முடியுமுன் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. பின்னர்ப் பல்கலைக்கழக அஞ்சலகத்தில் அலுவலரானார். கடிதங்களை உரிய காலத்தில் கொடுப்பதைவிட, வந்த இதழ்களைப் படிப்பதில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. முறையீடுகள் பெருகவே 1924-இல் அவ்வேலையை விட்டு நீங்கினார்.

கவிஞராகத் தொடங்கியவர்

நம் வட்டத்துக் கவிஞர்கள் ஆர்வத்துடன் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஃபாக்னர் முதலில் கவிஞராகவே விளங்க விரும்பினார். அவருடைய முதல் நூல் 1924-இல் நண்பர் ஃபில் ஸ்டோனின் உதவியுடன் வெளிவந்த 'தி மார்பிள் ஃபான்' என்னும் கவிதைத் தொகுதி. அது கவனிப்பாரின்றிப் போயிற்று. அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்சு நகரில் எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சனின் நட்புக் கிடைத்தது. அந்நட்பு அவரைப் புதினத்தின் பக்கம் திருப்பியது. தாம் தோற்றுப்போன கவிஞர் என்று பிற்காலத்தில் ஃபாக்னர் பலமுறை குறிப்பிட்டார். ஸ்டாக்ஹோம் உரையில் எழுத்தாளனையும் கவிஞனையும் அவர் சேர்த்தே பேசுவதை இப்பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும்.

1929-இல் வெளிவந்த 'தி சவுண்ட் அண்ட் த ஃபியூரி' அவருடைய ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்திய முதற் படைப்பு. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியை நான்கு கோணங்களில் கூறும் அப்புதினத்தின் முதற் பகுதி, மன வளர்ச்சி குன்றிய ஒருவனின் நினைவோட்டமாக அமைந்தது. அவ்வாண்டே எஸ்டெல் என்பாரை மணந்தார். பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே, ஏறத்தாழ ஏழு வார காலத்தில் 'அஸ் ஐ லே டையிங்' புதினத்தை எழுதி முடித்தார். 1932-இல் 'லைட் இன் ஆகஸ்ட்', 1936-இல் 'அப்சலோம், அப்சலோம்!' ஆகியவை வெளிவந்தன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு யோக்னபடாஃபா என்னும் கற்பனை வட்டாரமே களம். தம் சொந்த மண்ணை அவர் அப்பெயரால் மறுபடைப்புச் செய்தார்.

எழுதியதைத் திருத்துவதில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கு ஒரு சான்று கூறலாம். 'சாங்சுவரி' என்னும் புதினம் அச்சுக் கோக்கப்பட்டு மெய்ப்பு வந்தபின், அது தம் மற்ற நூல்களின் தரத்துக்கு இழுக்கு என்று கருதி ஏறக்குறைய மீண்டும் எழுதினார். அதனால் நேர்ந்த அச்சுச் செலவில் ஒரு பகுதியைத் தாமே ஏற்றார். பணத்துக்கு மிகவும் இடர்ப்பட்ட காலம் அது. முதலில் மனத்தில் தோன்றியதை அப்படியே வெளியிட விரும்பாத இயல்பு அவருடையது. இவ்வியல்பை நினைவிற் கொண்டால், மேடையில் அவர் கைக்குத் தாள் வந்தது எப்படி என்பது விளங்கும்.

புகழ் விரைவில் வந்துவிடவில்லை. குடும்பத்தைக் காக்க 1932 முதல் பல முறை ஹாலிவுட் சென்று திரைக்கதை எழுதினார். 1935-இல் கடைசித் தம்பி டீன் வானூர்தி விபத்தில் இறந்தார். மதுப்பழக்கம் அவரை அவ்வப்போது வீழ்த்தியது. 1940-களின் நடுவில் அவருடைய நூல்களில் பெரும்பாலானவை மறு அச்சின்றிக் கிடைப்பதற்கு அரியவாயின. 1946-இல் திறனாய்வாளர் மால்கம் கௌலி அவருடைய எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்ட நூலே அமெரிக்க வாசகர்களை அவர்பால் மீண்டும் திருப்பியது.

ஸ்டாக்ஹோமில் மூன்று நிமிடங்கள்

1949-ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபல் பரிசு அவ்வாண்டில் எவருக்கும் வழங்கப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1950 நவம்பரில் அப்பரிசு ஃபாக்னருக்கும், 1950-ஆம் ஆண்டுக்குரிய பரிசு பெர்ட்ரண்ட் ரசலுக்கும் அறிவிக்கப்பட்டன. ஃபாக்னருக்கு அப்போது வயது 53. தாம் ஓர் உழவர் என்றும், அவ்வளவு தொலைவு வர இயலாது என்றும் கூறி முதலில் பயணத்தை மறுத்தார். பொது மேடை என்றாலே அஞ்சி ஒதுங்கும் கூச்சம் அவருக்கு உண்டு. குடும்பத்தாரும் அரசு அலுவலரும் வற்புறுத்தினர். பதினேழு வயது மகள் ஜில் உடன் வர, ஒருவாறு இசைந்து புறப்பட்டார்.

டிசம்பர் 10-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகர மண்டபத்தில் விருந்து நடைபெற்றது. மரபுப்படி பரிசு பெற்றோர் ஒவ்வொருவரும் சில சொற்கள் கூற வேண்டும். உருவத்தில் சிறியவரும் மெல்லிய குரலினருமான ஃபாக்னர் எழுந்து, கொண்டு வந்த தாளிலிருந்து வாசித்தார். ஒலிவாங்கிக்குச் சற்று அப்பால் நின்றார், விரைவாக வாசித்தார், போதாக்குறைக்கு அவருடைய தென்மாநில உச்சரிப்பும் சேர்ந்துகொண்டது. அவையோர் பலருக்கு அவர் என்ன சொன்னார் என்பதே தெளிவாகவில்லை. ஏறத்தாழ 550 சொற்களே கொண்ட அவ்வுரை மூன்று நிமிட அளவில் முடிந்துவிட்டது. மேடைக் கலையின் அளவுகோலால் மதிப்பிட்டால் அது தோல்வியே.

மறுநாள் செய்தித்தாள்களில் உரை அச்சாகி வந்தது. மண்டபத்தில் உடனிருந்தோரும் அதன் ஆற்றலை அப்போதுதான் உணர்ந்தனர்.

அந்நாளின் உலகச் சூழலை இங்கே நினைவுகூர வேண்டும். 1949-இல் சோவியத் நாடும் அணுகுண்டைச் சோதித்துவிட்டது. 1950-இல் கொரியப் போர் மூண்டது. ஃபாக்னர் பேசுவதற்குப் பத்து நாள் முன்னர்த்தான், அணுகுண்டைப் பயன்படுத்துவதும் எண்ணத்தில் உள்ளது என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் செய்தியாளரிடம் கூறியிருந்தார். எப்போது அழிவோம் என்னும் ஒரே அச்சம் மனிதரின் உள்ளத்தை நிறைத்திருந்த வேளை அது. அவ்வச்சத்தால் இளம் எழுத்தாளர்கள் மனித நெஞ்சம் தன்னுடனேயே நடத்தும் போராட்டத்தை மறந்துவிட்டனர் என்று ஃபாக்னர் கவலையுற்றார். அன்பு, மானம், இரக்கம், தியாகம் முதலிய பழைய உண்மைகளுக்கு எழுத்து திரும்ப வேண்டும் என்றார். மனிதன் பிழைத்துக் கிடப்பதோடு நில்லாமல் இறுதியில் வெல்வான் என்னும் தம் நம்பிக்கையை அறிவித்தார். அவ்வெற்றிக்குத் தாங்கும் தூணாக நிற்பது கவிஞனின் கடமை என்று முடித்தார். பரிசு தமக்கு உரியதன்று, தம் உழைப்புக்கு உரியது என்று தொடங்கிய அவ்வுரையில் தம்மைப் பற்றி அவர் கூறியது மிகக் குறைவு. எழுத வருகின்ற இளைஞரை நோக்கிக் கூறியதே மிகுதி.

இவ்விடத்தில் நாம் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ளலாம். ஃபாக்னர் அன்று தாளின்றிப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூச்சத்தால் நன்றி ஒன்றைச் சொல்லி அமர்ந்திருப்பார்; அல்லது தடுமாறியிருப்பார். எவ்வாறாயினும் குரல் எட்டாத அம்மண்டபத்திலேயே அச்சொற்கள் மறைந்திருக்கும். அவருடைய குரல் கைவிட்ட உரையைக் காத்தது தாளே. 1954-இல் அவரே அதனை வாசித்து இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

எனினும் மற்றொரு பக்கத்தையும் கூறுதல் நேர்மை. எதிரில் அமர்ந்திருந்தோர்க்கும் அவர் கடமைப்பட்டவரே. தாளில் உள்ளதை அவை கேட்கும்படி, ஒலிவாங்கியை நெருங்கி நின்று, நிறுத்தி வாசித்திருக்கலாம். எழுதி வருவது ஒரு பொறுப்பு. எழுதியதைக் கேட்போர் செவிக்குக் கொண்டு சேர்ப்பது அதனோடு ஒட்டிய மற்றொரு பொறுப்பு. முதலாவதில் சிறந்து நின்ற ஃபாக்னர் இரண்டாவதில் அன்று வழுவினார்.

தொடர்ந்த உரைகள்

எழுதி வாசிப்பது ஃபாக்னருக்கு அன்றொரு நாள் நிகழ்ச்சியன்று. 1951 மே மாதம் மகள் ஜில் பள்ளிப் படிப்பை முடித்தபோது அவ்வூர்ப் பள்ளி மாணவர்முன் சுருக்கமான உரை ஒன்றை வழங்கினார். அநீதிக்கு எதிராகக் குரல் எழுப்ப அஞ்சலாகாது என்பது அதன் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் நியூ ஆர்லியன்சில் பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஆனர் விருதைப் பெற்றபோது, சில வரிகளே கொண்ட ஏற்புரையைப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதி அளித்தார். தந்தவரின் மொழியில் நன்றி கூறும் அப்பண்பு போற்றத்தக்கது. 1955 ஜனவரியில் 'எ ஃபேபிள்' புதினத்துக்காகத் தேசிய நூல் விருதைப் பெற்றபோது, நிறைவை நோக்கி முயன்று, அதனை எட்டாமல் மீண்டும் முயல்வதே கலைஞனின் வாழ்வு என்னும் கருத்தை முன்வைத்தார்.

இவையனைத்தும் சிறிய உரைகள். புதினங்களில் ஒரே வாக்கியத்தைப் பக்கக் கணக்கில் நீட்டிச் செல்லும் ஃபாக்னர், மேடையில் மிகச் சுருக்கமாகப் பேசினார். எழுதி வருபவர்க்கு அளவு தெரியும். அவையின் நேரத்தை மதிப்பதற்கும் தாள் துணை செய்கிறது.

தாள் இல்லாத வேளை

ஃபாக்னரின் வாழ்வில் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கும் பகுதி இதன் பின்னரே வருகிறது. 1955 ஆகஸ்டில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் மிசிசிப்பியில் கொடூரமாகக் கொல்லப்பட்டான். அப்போது ரோமில் இருந்த ஃபாக்னர், செய்தி நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை எழுதி அனுப்பினார். எக்காரணத்தைக் கூறியும் குழந்தைகளைக் கொல்லும் நிலைக்கு வந்துவிட்ட சமூகம் உயிர் வாழத் தகுதியற்றது என்னும் கடுமையான கண்டனம் அதில் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் மெம்ஃபிசு நகரில் வரலாற்று அறிஞர் கூட்டத்தில் நிறவெறிப் பிரிவினைக்கு எதிராகக் கட்டுரை வாசித்தார். தென்மாநில வெள்ளையர் பலர் அவரைத் தூற்றினர், உறவினரும் ஒதுங்கினர்.

ஆயின் 1956-இன் தொடக்கத்தில், மது மயக்கமும் மன உளைச்சலும் மிகுந்திருந்த வேளையில், செய்தியாளர் ஒருவருக்கு அளித்த நேர்காணலில் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் உலகை அதிரச் செய்தன. மத்திய அரசுக்கும் மிசிசிப்பிக்கும் மோதல் ஏற்படின் தாம் மிசிசிப்பியின் பக்கமே நின்று போரிடப் போவதாகவும், அதற்காகத் தெருவில் கறுப்பினத்தவரைச் சுடவும் நேரலாம் என்றும் கூறியதாக அது வெளிவந்தது. மதுவின் பிடியில் இல்லாத எவரும் அவ்வாறு பேசமாட்டார் என்று ஃபாக்னர் பின்னர் மறுப்பு எழுதினார். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அவ்வாண்டே கடுமையான திறனாய்வு எழுதினார். அந்நேர்காணலைத் தாண்டியும் அவருடைய கணை பாய்ந்தது. அதே காலத்தில் ஃபாக்னர் 'லைஃப்' இதழில் எழுதிய கட்டுரை, வட மாநிலத்தார் சற்றுப் பொறுத்து மெல்லச் செல்ல வேண்டும் என்று கேட்டிருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் பொறுத்தவர்களை இன்னும் பொறுக்கச் சொல்வது எவ்வகை நீதி என்பதே பால்ட்வின் எழுப்பிய வினாவின் உட்கிடை.

ஆகவே, தாளில் எழுதியதெல்லாம் உயர்ந்தது, தாளின்றிப் பேசியதெல்லாம் தாழ்ந்தது என்று எளிய வாய்பாடு வகுத்துவிட இயலாது. எழுதிய கட்டுரையிலும் அவர் தம் மண்ணின் அச்சங்களுக்கு இடங்கொடுத்தார். அதேபோல் 1957, 1958-ஆம் ஆண்டுகளில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் உறைவிட எழுத்தாளராக இருந்தபோது, மாணவர்கள் கேட்ட நூற்றுக்கணக்கான வினாக்களுக்குக் குறிப்பின்றியே விடையளித்தார். ஒலிப்பதிவில் காக்கப்பட்டுள்ள அவ்விடைகள் கனிவும் நகையும் நிறைந்தவை. ஒரு வகுப்பறையில் வினா ஒன்று துணையிருக்க அவர் இயல்பாகப் பேசினார்.

இவ்வளவும் நமக்கு உணர்த்துவது யாது? ஒரு மனிதருக்குள் பலர் இருக்கின்றனர். பழைய பெருமிதத்தில் ஊறிய வெள்ளையரும், கரோலின் பாரின் மடியில் வளர்ந்த பிள்ளையும், அஞ்சுபவரும், அச்சத்தைக் கடக்க முயல்பவரும் ஃபாக்னருக்குள் ஒருங்கே வாழ்ந்தனர். தாளின் முன் அமர்ந்து ஒரு சொல்லை அடித்து வேறொன்றை எழுதும்போது, அவர்களுள் யாரைப் பேசவிடுவது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. அவ்வவகாசத்தை அவர் நன்கு பயன்படுத்திய நாள் 1950 டிசம்பர் 10. தம்மைவிடச் சற்று உயர்ந்த ஒருவராக நின்று பேச அத்தாள் அவருக்கு வழி செய்தது. அவ்வுயரத்திலேயே எந்நாளும் நிலைத்து நிற்க அவரால் இயலவில்லை. இயலாமற்போனதால் அவ்வுரை பொய்யாகிவிடாது; தமக்கே அவர் வைத்துக்கொண்ட அளவுகோலாக அது நின்றது.

செயலிலும் அதன் சுவடு இருந்தது. நோபல் பரிசாகக் கிடைத்த ஏறத்தாழ 30,000 டாலரில் ஒரு பகுதி கறுப்பின ஆசிரியர்களின் கல்விக்குச் சென்றது. மற்றொரு பகுதி புதிய புனைகதை எழுத்தாளர்களை ஊக்கும் அறக்கட்டளைக்கு வித்தாயிற்று. அவர் பெயரைத் தாங்கிய பென்-ஃபாக்னர் விருது 1981 முதல் வழங்கப்பட்டு வருகிறது.

இறுதி ஏற்புரை

1962 மே 24-ஆம் நாள் நியூயார்க்கில் அமெரிக்கக் கலை இலக்கியக் கழகத்தின் புனைகதைக்கான தங்கப் பதக்கம் ஃபாக்னருக்கு வழங்கப்பட்டது. அதனை அளித்தவர் அவருடைய மாநிலத்தவரே ஆகிய எழுத்தாளர் யூடோரா வெல்டி. ஃபாக்னர் சிறிய ஏற்புரை ஒன்றை வாசித்தார். பழைய உலகப் பொருட்காட்சிகளில் வழங்கப்பட்ட பதக்கங்களையும், அவை நினைவூட்டிய மறைந்த காலத்தின் தனித்தன்மையையும் பற்றிய ஏக்கம் அதில் இழையோடியது. ஆறு வாரம் கழிந்தது. ஜூலை 6-ஆம் நாள் மாரடைப்பால் அவர் மறைந்தார். ஆக்ஸ்ஃபர்டு மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய உரைகளுள் ஒன்றை மட்டும் இங்கே தனியே குறிப்பிட வேண்டும். அது பரிசு ஏற்று நிகழ்த்தியதன்று. 1940-இல் கரோலின் பார் இறந்தபோது, தம் இல்லமாகிய ரோவன் ஓக்கின் கூடத்தில் அம்மூதாட்டியின் உடலை வைத்து ஃபாக்னர் இரங்கலுரை நிகழ்த்தினார். தமக்கு உண்மையையும் முதியோரின்மேல் மதிப்பையும் எளியோரின்மேல் பரிவையும் கற்பித்தவர் என்று அவரைப் போற்றினார். ஸ்டாக்ஹோமில் அவர் கூறிய பழைய உண்மைகளைப் பத்தாண்டு முன்னரே அக்கூடத்தில் கேட்டவர்கள் இருந்தனர். ஆகவே 1950-இல் அவர் வாசித்த தாளை ஓரிரவில் எழுதப்பட்டதாகக் கருத இயலாது. ஒரு வாழ்நாள் முழுவதும் அது எழுதப்பட்டு வந்தது.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் இலக்கிய வட்டம் இனியும் பலருக்குப் பரிசளிக்கும். நம்முள் பலரும் பரிசு பெறுவர். ஏற்புரைக்கு எழும் கவிஞர் தாளொன்றை விரிப்பாராயின், அவர் நமக்காக முன்னரே அமர்ந்து சிந்தித்து வந்திருக்கிறார் என்று கொள்வோம். வாசிப்பவரும் தலைநிமிர்ந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசிக்கட்டும். வாசித்து முடித்தபின் அத்தாளை மடித்து எறிந்துவிடாமல் வட்டத்தின் செயலரிடம் ஒப்படைத்துச் செல்லட்டும். இருபதாம் ஆண்டு மலரைத் தொகுப்போர்க்கு அது பயன்படும்.